பிரஷர் நார்மலுக்கு வந்த நாள்

அம்மாவின் பிபி நோட்டில் ஒரே ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு டிக் இருக்கும். 108/64. டிக் போட்டது நான்தான். இரண்டு வருடமாகக் காலையும் மாலையும் எழுதிவந்த அந்த நோட்டில் மேல் எண் 140-க்குக் கீழே வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்று மாத்திரை போட்டும் 145, 150, 148 என்று பிடிவாதம் பிடித்த பிரஷர், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தானாகவே இறங்கி வந்து நின்றது. ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பார்த்தேன். ஏறக்குறைய அதேதான். "பாத்தியாம்மா, உன் பிரஷர் இன்னிக்கு நார்மல்" என்றேன். அம்மா கண்ணைத் திறக்காமலே "ம்" என்றாள்.

மறுநாள் மதியம் அவள் ஐசியுவில் இருந்தாள்.

அந்த டிக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நோட்டு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

மெஷின் வாங்கிய புதிதில் நாங்கள் பிபி பார்த்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏதாவது வேலையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். துணிக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவேன். கை மடியில் கிடக்கும். பட்டையில் காற்று ஏறி இறுக ஆரம்பித்ததும், சொல்ல மறந்த வீட்டுச் செய்தியெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிடும். 168, 174 என்று காட்டும். நான் பயப்படுவேன். பயந்ததைப் பார்த்து அவளும் பயப்படுவாள். உடனே இன்னொரு தடவை பார்த்தால் 180.

வழக்கமாகப் போகும் கிளினிக்கில் ஒரு நர்ஸ்தான் இதைத் திருத்தினார். "வெறுங்கையில கட்டுங்க. முதுகு சாஞ்சிருக்கணும். ரெண்டு காலும் தரையில படணும், கால் மேல கால் போடக் கூடாது. கையை நெஞ்சு உயரத்துக்கு மேசை மேல வெச்சுக்கணும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு அப்புறம் பாருங்க. முக்கியமா, பேசக் கூடாதும்மா." கடைசி நிபந்தனைதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கை இதயத்தைவிடத் தாழ்ந்திருந்தால், அந்த உயர வித்தியாசத்தில் நிற்கும் ரத்தத்தின் எடையும் அளவோடு சேர்ந்துவிடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கூட்டிக் காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறும். காபி குடித்த அரை மணி நேரத்துக்குள் பார்த்தால் அது காபியின் பிரஷர். டாக்டர் சொன்னபடி ஒரு வாரம், காலை இரண்டு முறை மாலை இரண்டு முறை பார்த்து, முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் சராசரியை எடுத்தோம். ஒரு மாத்திரைகூட மாற்றாமல் 174 என்பது 150 ஆனது. வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-ஐத் தாண்டினாலே உயர் ரத்த அழுத்தம் என்கிற கணக்கில் பார்த்தால் 150-உம் அதிகம்தான். ஆனால் பேச்சுக்கும் பயத்துக்கும் சேர்த்து மாத்திரை கொடுக்கும் நிலைமையிலிருந்து தப்பித்தோம்.

ஒரு சின்ன விஷயம். இந்த மெஷின்கள் எதையும் காது கொடுத்துக் கேட்பதில்லை. 1896-ல் ரிவா-ரோச்சி என்ற இத்தாலிய மருத்துவர் கையில் கட்டும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905-ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர், பட்டை தளரும்போது முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ரத்தம் பாயத் தொடங்கும் ஒலியும் அது அடங்கும் இடமும் கேட்கும் என்று கண்டு, ஒரு பக்கம்கூட நிரம்பாத குறிப்பாக எழுதினார். மேல் எண், கீழ் எண் இரண்டும் அந்த ஒலியிலிருந்து வந்தவை. வீட்டு மெஷினோ பட்டைக்குள் இருக்கும் காற்றின் அதிர்வைப் பார்த்து இரண்டு எண்களையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு தடுமாறும். மெஷின் மூன்றாவதாக ஓர் எண்ணையும் காட்டும், நாடித்துடிப்பு. என் நோட்டில் அதற்குக் கட்டமே போடவில்லை. பிரஷர் நோட்டில் நாடி எதற்கு என்று நினைத்தேன்.

அப்புறம் இருமல். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா மூன்று மாதம் விடாமல் வறட்டு இருமலில் அவதிப்பட்டாள். எக்ஸ்ரே எடுத்தோம், சிரப் குடித்தாள், ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் குற்றவாளி ரத்த அழுத்த மாத்திரை, ராமிப்ரில். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து கேப்டோப்ரில் வந்தது. அதே குடும்பத்து மருந்துதான் ராமிப்ரில். ரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு வேதிப்பொருள் உருவாகாமல் அது தடுக்கிறது. ஆனால் அது முடக்கிப்போடும் நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு, பிராடிகைனின் என்பதைச் சிதைப்பது. அது சிதையாமல் தேங்கினால் சிலருக்குத் தொண்டையில் அரிப்பு, ஓயாத இருமல். டெல்மிசார்டன் என்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரைக்கு மாற்றியதும் சில வாரங்களில் நின்றுபோனது. ஆகவே அம்மா இருமினால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. இருமல் என்றால் மாத்திரை என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த மாத்திரையை நிறுத்தி வருடம் ஒன்றரை ஆகியிருந்தும்.

அந்த வாரத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை சளி, இருமல், மூக்கடைப்பு. கையில் இருந்த சளி மாத்திரையைக் கொடுத்தேன். செவ்வாய் காலை 172/94. மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தேன்: சூடோஎபிட்ரின். மூக்கினுள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கிற மருந்து. அது மூக்கோடு நிற்காமல் உடம்பு முழுவதும் குழாய்களைச் சுருக்கும், பிரஷரை ஏற்றும். உயர் ரத்த அழுத்தக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாத மருந்து. வலி மாத்திரைகளில் ஐபுப்ரோஃபென் வகையும் அப்படித்தான். பிரஷரை ஏற்றுவதோடு, டெல்மிசார்டனும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகத்தையும் ஒரு கை பார்த்துவிடும். நான் சளி மாத்திரையை நிறுத்தினேன். புதன் காலை 138/80. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வியாழன் காலை 122/70. சாயங்காலம் 108/64, சிவப்பு டிக்.

ஏன் இறங்கியது என்று யாராவது கேட்டிருந்தால் நான்கு காரணம் சொல்லியிருப்பேன். சளி மாத்திரையை நிறுத்தினோம். அம்மா படுத்தே இருக்கிறாள். சரியாகச் சாப்பிடாததால் உப்பு குறைந்திருக்கிறது. மூன்று மாத்திரையும் இப்போதுதான் வேலை செய்கின்றன. எல்லாமே கேட்பதற்கு நன்றாக இருக்கும் காரணங்கள்.

காய்ச்சல் 100-ஐக்கூடத் தொடவில்லை. வயதானவர்களுக்கு நுரையீரலில் கிருமி எவ்வளவு பரவியிருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் போட்டேன். 93 காட்டியது. கை குளிர்ந்திருக்கிறது என்று உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு வேறு விரலில் மாட்டினேன். 94. இன்னொரு விரல். 95. நோட்டில் எழுதியது 95. குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் பிடித்த எண் வரும்வரை விரல் மாற்றினேன் என்பதும் உண்மை.

வெள்ளிக்கிழமை காலை மாத்திரையும் தண்ணீருமாகப் போய் எழுப்பினேன். மூன்றையும் விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்து, இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லி, "எப்ப வந்தே?" என்றாள். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. அப்போதுதான் வண்டியைக் கூப்பிட்டேன்.

அவசரப் பிரிவில் முதலில் வந்த நர்ஸ் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் வாட்சைப் பார்த்தபடி நின்றார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கண் வாட்சுக்கும் அம்மாவின் நெஞ்சுக்கும் மாறி மாறிப் போனது. முழுதாக ஒரு நிமிடம். பிறகு யாரிடமோ "32" என்றார். அங்கே இருந்தவர்களின் நடை வேகமானது அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான்.

32 என்பது ஒரு நிமிடத்துக்கு அம்மா இழுத்த மூச்சு. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். 25-ஐத் தொட்டாலே எச்சரிக்கை, 30 என்றால் தீவிரம். இதை எண்ண எந்த மெஷினும் வேண்டாம், விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும். நான் பிரஷரை அளந்தேன், ஆக்சிஜனை அளந்தேன், காய்ச்சலை அளந்தேன். கண் முன்னால் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நெஞ்சை எண்ணவில்லை. வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி சார்ட்டுகளிலும் எல்லா நோயாளிகளுக்கும் 18 அல்லது 20 என்று எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். வார்டு முழுக்க ஒரே தாளத்தில் மூச்சு விடுவார்கள் போல.

மூச்சு ஏன் முந்திக்கொள்கிறது என்பதை டாக்டர் பிற்பாடு சொன்னார். நுரையீரலின் ஒரு பகுதி சீழும் நீருமாக அடைபட்டதும் உடம்பு செய்கிற முதல் காரியம் மூச்சின் வேகத்தைக் கூட்டுவது. அந்தக் கூடுதல் உழைப்பால்தான் ஆக்சிஜன் அளவு ஓரளவு காப்பாற்றப்படுகிறது. ஆகவே ஆக்சிமீட்டர் 95 காட்டும்போது, அந்த 95-ஐ நிமிடத்துக்கு 16 மூச்சில் வாங்குகிறாரா 30 மூச்சில் வாங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். தவிர, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் விதம் ஒரு மேட்டு நிலம் மாதிரி. 97-லிருந்து 92 வரை நடப்பது சமதளத்தில் நடப்பதுபோல் இருக்கும். 90-க்குக் கீழே சரிவு. அங்கிருந்து நிமிடங்களில் உருளலாம். அம்மா அவசரப் பிரிவுக்குள் நுழையும்போது 89.

இந்தக் கருவியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கறுத்த தோலில் இது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ 3 மடங்கு அதிகமாக இருந்தது. நம் தோலுக்கும் இது யோசிக்க வேண்டிய செய்தி. இதனால் கருவி கெட்டது என்றாகிவிடாது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் வேறெதையோ அளக்கப் போய், நாடியின் துடிப்பு தன் கணக்கைக் கெடுக்கிறதே என்று மல்லுக்கட்டி, கெடுக்கிற அந்தத் துடிப்பையே பயன்படுத்தி ஆக்சிஜனை அளக்கலாம் என்று கண்டுபிடித்தார். ஊசி குத்தாமல் ரத்தத்தின் நிறத்தைப் படிக்கிற வித்தை. உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்தார்.

சரி, நோட்டு. டாக்டர் முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். அம்மாவுக்கு ஆக்சிஜன் மாஸ்க் போட்டு, ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக் ஊசி ஏறத் தொடங்கிய பிறகு நோட்டை வாங்கிப் புரட்டினார். மெஷின் அப்போது 98/56 காட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன சார், டிக்?"

"அன்னிக்குத்தான் நார்மலுக்கு வந்துச்சு, டாக்டர்."

"இவங்களோட நார்மல் 148 சார். நேத்து சாயங்காலமே 40 இறங்கியிருக்கு." அவர் குரலில் கண்டிப்பு இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. "நாடி எவ்ளோ இருந்துச்சு?"

எழுதவில்லை என்றேன்.

அம்மாவுக்கு வந்திருந்தது நிமோனியா, நுரையீரலில் கிருமித் தொற்று. அது எவ்வளவு தீவிரம் என்று சட்டென்று எடைபோட 2003-ல் வந்த ஐந்து கேள்விக் கணக்கு ஒன்று உண்டு. குழப்பம் இருக்கிறதா, ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதா, மூச்சு 30-ஐத் தொட்டதா, மேல் எண் 90-க்குக் கீழோ அல்லது கீழ் எண் 60-உம் அதற்குக் கீழோ வந்ததா, வயது 65-உம் அதற்கு மேலுமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், 3 வந்தாலே தீவிரம். அம்மாவுக்கு வயது 71. யூரியா ரிசல்ட் வருவதற்கு முன்பே 4 ஆகிவிட்டது.

கவனித்தீர்களா, அந்தக் கணக்கிலும் மேல் எண்ணுக்கு 90 என்றுதான் கோடு கிழித்திருக்கிறார்கள். அது எல்லாருக்கும் பொதுவான கோடு. நீண்ட நாள் உயர் அழுத்தத்தில் வாழ்ந்த உடம்புக்குக் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தம், பிரஷர் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மாறாதபடி அங்குள்ள சின்னக் குழாய்கள் சுருங்கியும் விரிந்தும் பார்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் உண்டு. பல வருடம் உயர் அழுத்தம் இருந்தால் குழாய்ச் சுவர்கள் தடித்து, அந்த இரண்டு எல்லைகளும் மேலே நகர்ந்துவிடுகின்றன. சிறுநீரகத்திலும் இதே கதை. ஆகவே ஓர் இளைஞனுக்குச் சாதாரணமான பிரஷரில் அம்மாவின் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாமல் போகலாம். கிருமி ரத்தக் குழாய்களைத் தளர்த்திக்கொண்டிருந்தது. மேலே மூன்று மாத்திரையை நான் தவறாமல் கொடுத்துவந்தேன்.

இது புரிந்தபோது பெரியப்பா ஞாபகம் வந்தார். நான் பள்ளியில் படித்த காலம். தலைவலி என்று போன இடத்தில் அவருக்கு 210 இருந்தது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையைக் கடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் பிரஷர் மளமளவென்று இறங்கியது, கூடவே ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. 210 இருந்ததால்தான் பக்கவாதம் என்று குடும்பத்தில் எல்லாரும் நம்பினோம். நிஃபெடிபின் காப்ஸ்யூலை அப்படிக் கொடுப்பது அந்தக் காலத்தில் பரவலான வழக்கம். வேகமாக இறக்குவதே மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைக் குறைத்து ஆபத்தாகிறது என்று 1990களில் மருத்துவ இதழ்களில் கடுமையாக எழுதினார்கள், வழக்கமும் மங்கியது. இன்று 180/120-க்கு மேல் போய், மூளையோ இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்படுகிற அவசர நிலையில்கூட, பெரும்பாலும் முதல் மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்க மாட்டார்கள். உறுப்புகளுக்குப் பாதிப்பு இல்லாமல் வெறும் எண் மட்டும் ஏறியிருந்தால், மாத்திரையைச் சரிசெய்து நாள் கணக்கில் நிதானமாக இறக்குவார்கள். பெரியப்பாவுக்கு என்ன நடந்தது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. எனக்குச் சந்தேகம் உண்டு.

சாயங்காலத்துக்குள் ட்ரிப்ஸ் ஏறியும் அம்மாவின் பிரஷர் 84/46-க்குப் போய்விட்டது. ஐசியுவில் மணிக்கட்டுத் தமனிக்குள் மெல்லிய குழாய் செருகி, துடிப்புக்குத் துடிப்பு பிரஷர் திரையில் ஓடும்படி செய்தார்கள். 1733-ல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் குழாய் செருகி, கண்ணாடிக் குழலில் ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றதை எழுதி வைத்தார். அடிப்படையில் அதேதான். பட்டை, ஒலி, அதிர்வுக் கணக்கு என்று சுற்றிவிட்டு, உயிர் ஊசலாடும்போது மருத்துவம் குதிரைக்குச் செய்த முறைக்கே திரும்பிப் போகிறது.

ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. எதுவரை ஏற்றுவது என்பதில் அம்மாவின் பழைய எண்கள் உதவின. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் வைத்துக் கணக்கிடும் சராசரி அழுத்தம் 65 இருந்தால் போதும் என்பது பொது வழக்கம். 2014-ல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், கிருமித் தாக்கத்தால் பிரஷர் சரிந்த 776 பேரில் ஒரு பாதிக்கு 65 முதல் 70 வரையும், மறு பாதிக்கு 80 முதல் 85 வரையும் வைத்துப் பார்த்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில், கூட்டி வைத்தவர்களுக்கு டயாலிசிஸ் தேவை குறைந்தது. எதிர்ப் பக்கமும் உண்டு: கூட்டி வைத்தவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு அதிகம் வந்தது. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேல வெச்சுப் பாப்போம், யூரின் போறாங்களான்னு பாப்போம்" என்றார். விடியும்வரை அந்த மூத்திரப் பையில் ஒவ்வொரு கோடாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது.

மூச்சுக்கு, மூக்கு வழியே சூடும் ஈரமுமான காற்றை நிமிடத்துக்கு 50 லிட்டர் வேகத்தில் அனுப்பும் கருவி. சாதாரண மூக்குக் குழாயில் 6 லிட்டருக்கு மேல் விட்டால் மூக்கு காய்ந்து எரியும். இதில் ஈரப்பதம் இருப்பதால் தாங்க முடிகிறது. "காதுக்குள்ள காத்தடிக்குது" என்று அம்மா மறுநாள் குறைபட்டபோது, அவள் குறைபட்டதே எனக்குப் போதுமாக இருந்தது.

வென்டிலேட்டர் வரை போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போயிருந்தார். அவரை ஆறு பேர் சேர்ந்து அத்தனை குழாய்களோடும் குப்புறத் திருப்பிப் படுக்க வைத்ததைப் பார்த்தேன். மல்லாந்து கிடக்கும்போது நுரையீரலின் முதுகுப்புறம் நசுங்கிக் கிடக்கும். குப்புறப் போட்டால் அந்தப் பகுதி விரியும், ரத்தமும் காற்றும் சந்திக்கும் இடம் கூடும். தீவிர நுரையீரல் செயலிழப்பில் ஒரு நாளைக்கு 16 மணி நேரமாவது இப்படிப் படுக்கவைத்தபோது, 28 நாளில் இறந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தார்கள் என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஆறு பேரும் கொஞ்சம் துணிச்சலும்.

அன்று இரவு வீட்டுக்குத் துணி எடுக்கப் போனபோது பிபி மெஷின் மேசை மேலேயே இருந்தது. அதில் மெமரி என்று ஒரு பொத்தான். இரண்டு வருடத்தில் அதை நான் அழுத்தியதே இல்லை. அழுத்திப் பின்னால் போனேன். செவ்வாய், நாடி 78. புதன் 88. வியாழன் காலை 102. வியாழன் சாயங்காலம், நான் டிக் போட்ட அளவுக்குக் கீழே சின்ன எழுத்தில், 114. பிரஷர் இறங்கிய ஒவ்வொரு படிக்கும் நாடி ஒரு படி ஏறியிருந்தது. மெஷின் எழுதி வைத்திருக்கிறது, நான்தான் எழுதவில்லை. கொஞ்ச நேரம் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் சளி பிடித்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. 2020-ல் அந்தப் பீதி ஒருமுறை வந்துபோனது. கொரோனா வைரஸ் உடம்புக்குள் நுழையும் கதவு ஏசிஇ-2 என்று தெரிந்ததும், டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை மாத்திரைகள் அந்தக் கதவைப் பெருக்குமோ என்று பலர் பயந்து நிறுத்தப் பார்த்தார்கள். பிரேசிலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 659 பேரை, நிறுத்தியவர்கள், தொடர்ந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில், அடுத்த 30 நாளில் ஆஸ்பத்திரிக்கு வெளியே உயிரோடு இருந்த நாட்களில் வித்தியாசமே இல்லை. சாதாரண ஜலதோஷத்துக்கு மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறி வேறு வம்பு வரும். ஆனால் வழக்கமான எண்ணைவிட அது நிறைய இறங்கிப்போய், சாப்பாடும் தண்ணீரும் இறங்காமல், மூச்சும் வாங்கினால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டாக்டருக்கு ஃபோன் போட வேண்டும். நான் வெள்ளிக்கிழமை காலை கொடுத்த மூன்று மாத்திரைகளில் ஒன்றான அம்லோடிபினின் பாதி உடம்பைவிட்டுக் கழியவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். திரும்ப எடுக்க முடியாது.

ஐசியுவில் மூன்று நாள், வார்டில் எட்டு நாள். மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் அம்லோடிபின். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் இறங்கிய பிறகு டெல்மிசார்டன். சிறுநீர் பெருக்கும் மாத்திரை கடைசியாக, அதுவும் படுத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை என்று பிபி பார்த்து, நிற்கும்போது 20 புள்ளி விழவில்லை என்று உறுதியான பிறகு. அதற்குள் ஒருநாள் வார்டில் 152/88 வந்தது. தங்கைக்கு உடனே ஃபோன் போட்டுச் சொன்னேன். "150 வந்ததுக்கா இவ்ளோ சந்தோஷம்?" என்றாள்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். நிமோனியா ஆறிய பிறகும் முதல் சில வாரம் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து வழக்கத்தைவிடக் கூடுதல். ஆகவே பிரஷரை இப்போது இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். இரண்டாவது, எக்ஸ்ரேவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆள் தேறி வாரக்கணக்கில் கழிந்த பிறகுதான் படம் தேறும். ஆறு வாரம் கழித்து எடுத்ததில் சுத்தமாக இருந்தது. ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டாயிற்று. அவற்றை ஏன் முன்பே போடவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இப்போது நோட்டில் ஐந்து கட்டங்கள். மேல் எண், கீழ் எண், நாடி, ஆக்சிஜன், மூச்சு. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அம்மாவின் வழக்கமான அளவுகள். கடைசிக் கட்டம்தான் தினமும் தகராறு. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும், தெரியாமல்தான் எண்ண வேண்டும். ஆகவே அந்த நர்ஸ் செய்ததுபோல நாடி பார்ப்பதாகப் பாவனை செய்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். ஒரு வாரத்திலேயே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். நேற்றுக் காலை 11 வரை எண்ணியிருப்பேன், நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது. திடுக்கிட்டு நிமிர்ந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ வந்துச்சு?"

"பேசாதம்மா, கணக்கு விட்டுப்போச்சு."

"அப்ப முதல்லேர்ந்து எண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.